கூடத்துக்குச் செங்கல் நிறம்

ஆரஞ்சு அடிக்கணும் என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் எடுத்தவுடன் கலர் கார்டை நீட்டுவதில்லை. வண்டிப் பெட்டியில் மூன்று செங்கல் துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஒன்று அரைவேக்காடு, காளவாயின் வெளி வரிசையில் இருந்தது, மஞ்சள் ஓடிய வெளிறிய ஆரஞ்சு. ஒன்று பதமாக வெந்தது. மூன்றாவது நெருப்புக்குப் பக்கத்திலேயே கிடந்து கருஞ்சிவப்பாகிப் போனது. மூன்றையும் கூடத்துச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, "அம்மா, இதுல எது உங்க கண்ணுக்கு ஒத்துவருது?" என்பேன். கார்டைப் புரட்டி அரை மணி நேரம் குழம்புகிறவர்கள்கூட கல்லைப் பார்த்ததும் சட்டென்று ஒன்றைத் தொட்டுவிடுவார்கள்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். இங்கே மண் எல்லாம் வண்டல். நனைந்தால் கறுப்பு, காய்ந்தால் சாம்பல். செம்மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரைத் தாண்டி வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் போக வேண்டும். ஆனால் இதே வண்டலை அறுத்துக் காளவாயில் வைத்தால் அதிலிருக்கும் இரும்பு சூட்டில் காற்றோடு சேர்ந்து சிவந்துவிடுகிறது. செங்கல், நாட்டு ஓடு, பொங்கப்பானை எல்லாமே அந்த நிறம்தான். ஆக, நம் ஊர் வீட்டுக்குப் பொருந்துகிற ஆரஞ்சு வெந்த மண்ணின் ஆரஞ்சு. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஃபேன்டா நிறத்தில் போய் விழ மாட்டீர்கள்.

கல்லையும் கையோடு எடுத்துப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கார்டில் கல்லுக்கு நெருக்கமாக வருகிற ஷேடைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு படி மங்கலானதை வாங்குங்கள். இரண்டு விரல் அகலத்தில் அடக்கமாகத் தெரிகிற நிறம், அறை முழுக்க ஏறும்போது அப்படி இருக்காது. இந்தச் சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி இங்கே வந்து, தானாகவே நிறம் தூக்கிவிடும். "ரொம்ப டல்லா இருக்கே அண்ணே" என்று கடையில் மூக்கைச் சுளித்த ஷேடுதான் சுவரில் ஏறியதும் சரியாக இருக்கும்.

மிஷினில் கலக்குகிற தம்பியிடம், இதில் என்னென்ன ஸ்டெயினர், அதாவது நிறமூட்டி, போகிறது என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் ஃபார்முலா தெரியும். மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, துளி கறுப்பு என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இந்த ஆக்சைடுகள் இரும்புத்துரு வர்க்கம். வெயிலுக்கு வெளுக்காது, சிமெண்ட், சுண்ணாம்பின் காரத்துக்கும் அசையாது. பளிச்சென்ற ஆரஞ்சுகளில் போகிற ஆர்கானிக் ஸ்டெயினர்கள் பல அப்படி இல்லை. மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழுகிற சுவரில் சில வருஷத்தில் நிறம் இறங்கி, காலண்டர் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகப் பழைய நிறத்தில் நிற்கும்.

வீட்டுக்குக் காவி அடித்தால் "எந்தக் கட்சி?" என்று தெருவில் ஒருத்தராவது கேட்பார். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாகப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. கோலத்தைச் சுற்றிச் செங்காவி இழுக்கிற வாசல்கள் இன்னும் இருக்கின்றன. கட்சிக்கெல்லாம் முந்தின நிறம் என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

வெளிச்சம் பார்ப்பது

சாம்பிள் டப்பா கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் இருப்பதில் சின்ன டப்பா. அதைப் பழைய சுவரில் அப்படியே தீட்டிப் பார்க்காதீர்கள். நம் ஊரில் பாதி வீடு பச்சை, மீதி வீடு ரோஸ். பச்சைக்குப் பக்கத்தில் எந்த ஆரஞ்சும் இருப்பதைவிடத் தூக்கலாகத் தெரியும், ரோஸுக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். கெட்டியான வெள்ளை அட்டையில், ஓரம் நாலு பக்கமும் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். பிறகு காலையில், உச்சியில், சாயங்காலம், விளக்குப் போட்ட பிறகு என்று சுவர் சுவராக மாற்றிச் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

இதில் டெல்டா வீட்டுக்கென்று ஒரு சங்கதி உண்டு: கொல்லை வாழை. பின்கட்டு ஜன்னலை உரசிக்கொண்டு வாழை நின்றால், வெயில் இலைக்குள் புகுந்து பச்சையாகத்தான் உள்ளே வரும். அந்த ஜன்னலுக்கு எதிரே அட்டையைப் பிடித்துப் பாருங்கள். வாசல் பக்கம் செங்கலாகத் தெரிந்தது இங்கே ஆறிப்போன சுக்குக் காப்பி மாதிரி மங்கிவிடும். பச்சை வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. சுவருக்குத் திருப்பி அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட அறைக்கு அரைவேக்காட்டுக் கல்லின் நிறத்தை, மஞ்சள் தூக்கலாக எடுங்கள். அல்லது அந்த வாழை தார் தள்ளிய பிறகு அடுத்த கன்றை நாலு முழம் தள்ளி வையுங்கள். அது பெயிண்டைவிட மலிவு.

மேற்குப் பார்த்த அறையில் நாலு மணிக்கு மேல் வெயிலே ஆரஞ்சாக வரும். அங்கே நிறம் பழுப்புப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் அநேகமாகக் கிடையாது, மஞ்சள் கூட்டிக்கொள்ளலாம். கிழக்கில் எதை அடித்தாலும் ஓடும்.

ராத்திரி விஷயம்தான் பலர் யோசிக்காதது. நம் வீடுகளில் எல்லாம் தும்பைப்பூ வெள்ளையாக எரிகிற டியூப்லைட். டப்பாவில் 6500 கே (கெல்வின், வெளிச்சத்தின் சாயலைச் சொல்கிற அளவு), கூல் டேலைட் என்று போட்டிருக்கும். அதில் நீலம் அதிகம், செங்கல் நிறத்தை அது சேறாக்கிவிடும். பகலெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்த நிறம் ஆறரை மணிக்குச் செத்துவிடும். கூடத்துக்கு 4000 கே, படுக்கிற அறைக்கு 3000 கே விளக்காக மாற்றிவிடுங்கள். டப்பாவில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணும் இருக்கும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கான அளவு அது. 80க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம், 90 கிடைத்தால் நல்லது. நான் வேலையை ஒத்துக்கொள்ளும்போதே விளக்கு மாற்றுகிற செலவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைச் சுவர் தன்மேல் படுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். வெந்த மண் நிறம் கால்வாசி தந்தால் பெரிது. அதனால் பழைய ஓட்டு வீட்டில் வாசலை ஒட்டிய ரேழிக்கும், காமிரா உள் என்கிற ஒற்றை ஜன்னல் அறைக்கும் இந்த நிறம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. முற்றம் இருக்கிற வீட்டில் தாழ்வாரத்துச் சுவர்களுக்கு நாலு பக்கமும் அடிக்கலாம். மேலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது. காங்கிரீட் வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் எதிரே நிற்கிற ஒரு சுவர் போதும். டி.வி. மாட்டுகிற சுவரும் தோதுதான், கறுப்புப் பெட்டி வெள்ளைச் சுவரில் துருத்துகிற மாதிரி இதில் துருத்தாது.

"அறை சூடாயிடுமா?" என்று கேட்பார்கள். உள்சுவரில் நிறத்தால் சூடு கூடாது, பார்க்கத்தான் கதகதப்பு. வெளிச்சுவர் வேறு. மேற்கு வெளிச்சுவருக்கு அழுத்தமான நிறம் அடித்தால் வெயிலை வாங்கி ராத்திரி பத்து மணி வரை உள்ளே தள்ளும்.

ஓதம்

வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். செங்கல் நிறச் சுவரில் பூத்தால் தெருவில் போகிறவருக்குத் தெரியும். இந்த நிறத்தை எடுக்கிறவர்கள் பெயிண்டுக்குச் செலவழிப்பதைவிடச் சுவருக்குச் செலவழிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நடப்பது இதுதான். அஸ்திவாரத்து ஈரம் செங்கல் வழியாக மெல்ல மேலே ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் கல்லிலும் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கி, படிகமாக வளர்ந்து, பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். அதுதான் பொரிகிறது, பொருக்கு விடுகிறது என்கிறோம். பொதுவாகத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி வரை. பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் டி.பி.சி. என்கிற ஈரத்தடுப்புப் பூச்சு கிடையாது. கூடவே தெருவில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து, திண்ணை தரைமட்டமாகிவிட்ட வீடுகள் எத்தனையோ. மழைத்தண்ணீர் சுவரோரம்தான் நிற்கும். தரங்கம்பாடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே உப்பு வரும், அது தனிக் கணக்கு.

சோதிக்க மிஷின் எல்லாம் வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

பூத்திருக்கிற உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள். உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டி, கீழே பேப்பர் விரித்துப் பிடித்து வெளியே கொட்டிவிடுங்கள். பத்து நாள் கழித்துப் பூத்தால் மறுபடி. கீழே நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் போச்சு என்பதும் தப்புக் கணக்கு. முகத்தை மூடினால் ஈரம் வேறு வழி தேடும்; இரண்டடியில் நின்றது டைல்ஸுக்கு மேலே போய்ப் பூக்கும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான். பாத்ரூம் குழாய் கசிகிறதா, தாழ்வாரத்துத் தண்ணீர் அஸ்திவாரத்தில் விழுகிறதா, வாசல் மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்து ஒரு கோடை காயவிட்டால் பாதிச் சுவர்கள் தானே அடங்கிவிடும்.

அடங்காத சுவருக்கு நான் செய்வது கோயில் மதில் புத்திதான். கீழே மூன்றடிக்குக் கடையில் விற்கிற எமல்ஷன் பெயிண்டே கிடையாது. பழைய பூச்சைச் சுரண்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அழுத்தமான செங்காவி கலந்த சுண்ணாம்பை அடித்துவிடுவேன். அதற்கு மேல் ஓரங்குலத்துக்குக் கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேலேதான் பெயிண்ட். கீழே ஈரம் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். உப்புப் பூத்தாலும் தட்டிவிட்டு வருஷம் ஒரு தடவை மேலே ஒரு கை இழுத்தால் ஆயிற்று, வீட்டுக்காரர்களே செய்துகொள்ளலாம். பார்க்கவும் வேண்டுமென்று செய்த பார்டர் மாதிரியே இருக்கும்.

காலமும் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை. மார்கழியில் மழை விட்டிருக்கும், ஆனால் சுவருக்குள் ஈரம் அப்படியே இருக்கும். நாம் அடிப்பதோ பொங்கலுக்கு! பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற பழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் வந்தது. சுண்ணாம்புக்கு ஈரச்சுவர் பிடிக்கும், எமல்ஷனுக்கு ஆகாது. மார்கழியில் எனக்கு வேலை தலைக்கு மேல் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்: இந்த நிறம் வேண்டுமென்றால் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் அடியுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கொல்லைக் கிணறு ஏறும், வாய்க்காலோரத்து வீட்டில் சுவரும் கூடவே ஏறும்.

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறட்டும். மழைக்காலத்தில் பூசியதென்றால் இன்னும் கூட.

அடிக்கிற வேலை

பழைய கதவு, ஜன்னலைத் தேய்ப்பதில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தின எனாமலை உலரத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மூக்கை மூடுங்கள், அந்த வாரம் குழந்தைகளும் மாசமாக இருக்கிற பெண்களும் வேறு வீட்டில் இருக்கட்டும்.

சுவரைச் சமன்படுத்துகிற பட்டி (புட்டி) இரண்டு கோட். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். கனத்தால் பொருக்காகக் கழன்று வரும். 120 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 220இல் முடியுங்கள். பிறகு ராத்திரி விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்து ஓட்டுங்கள். பள்ளம், மேடு, பட்டிப் பிளேடு இழுத்த கோடு எல்லாம் நிழல் விழுந்து தெரியும். தெரிகிற இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் காலையில் சரிசெய்யுங்கள். வெள்ளை மன்னிக்கிறதை அழுத்தமான நிறம் மன்னிக்காது.

பெயிண்டுக்கு அடியில் போகிற பிரைமரை வெள்ளையாகவே அடிப்பதுதான் வழக்கம், இந்த நிறத்துக்கு அது உதவாது. அழுத்தமான ஷேடுகளை டீப் பேஸில் கலக்குவார்கள். அதில் வெள்ளை நிறமி குறைவு, அதனால் மறைக்கிற சக்தியும் குறைவு. வெள்ளை பிரைமர் மேல் மூன்று கோட் ஏற்றினாலும் மூலைகளில் பல்லிளிக்கும். வாட்டர் பிரைமரிலேயே அதே சாயலை அரைவாசி கலந்து தரச் சொல்லுங்கள். ஒரு கோட் மிச்சமாகும்.

அளவுக் கணக்கு: 12க்கு 10 அறை, பத்தடி உயரம் என்றால் சுவர் 440 சதுர அடி. ஒரு கதவு, இரண்டு ஜன்னல் கழித்தால் 390 சுமாருக்கு நிற்கும். உள்சுவர் எமல்ஷன் நல்ல பட்டி மேல் லிட்டருக்கு இரண்டு கோட்டில் 100 முதல் 140 சதுர அடி ஓடும், டப்பாவிலும் போட்டிருக்கும். அழுத்தமான நிறத்துக்கு மூன்றாவது கோட்டையும் சேர்த்து, குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டால் நாலு சுவருக்கும் ஆறு லிட்டர். பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால் நிறம் நூலிழை மாறும். மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே வாளியில் கொட்டிக் கலந்துகொள்ளுங்கள்.

மினுக்கு வேண்டாம். சுட்ட மண் மினுங்காது. மேட் ரகம்தான் இந்த நிறத்துக்கு அழகு. ஆனால் மேட் சுவரில் முதுகு சாய்த்தால், சைக்கிள் உரசினால், வெள்ளைத் தடம் விழும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் லேசான மினுக்குள்ள, துடைக்கக்கூடிய ரகத்துக்கு இறங்கி வாருங்கள். அதைவிட மினுங்குகிற சாட்டின் வரைக்கும் போக வேண்டாம்.

அடிக்கும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஆட்கள் கேட்க மாட்டார்கள், நான் மெயினையே இறக்கிவிடுவேன். காற்றில் ஓரம் காய்ந்து, அடுத்த ரோலர் ஏறும் இடம் கோடு கோடாக நின்றுவிடும். ஓரத்தை ஒருவர் பிரஷ்ஷால் வெட்டிக்கொண்டே போக, இன்னொருவர் ஈரம் காய்வதற்குள் பின்னாலேயே ரோலர் ஓட்ட வேண்டும். ஒரு சுவரை ஆரம்பித்தால் மூலைக்கு மூலை முடித்துவிட்டுத்தான் டீ. கோட்டுக்குக் கோட் நாலு மணி நேரமாவது இடைவெளி.

பழைய வீடுகளில் சுவரும் மேற்கூரையும் சேரும் மூலை நேராக இருக்காது. ஆரஞ்சை அதுவரைக்கும் கொண்டுபோனால் அந்தக் கோணல் ஊருக்கே தெரியும். கூரைக்கு இரண்டங்குலம் கீழே நூல் அடித்து, அதற்கு மேலே கூரையின் வெள்ளையையே சுவருக்கும் இறக்கிவிடுங்கள். கண் நூல் கோட்டைத்தான் பார்க்கும்.

சுண்ணாம்பும் காவியும்

உங்கள் வீடு இன்னும் சுண்ணாம்புப் பூச்சிலேயே இருக்கிறது, மேலே பட்டியோ எமல்ஷனோ ஏறவில்லை என்றால் பெயிண்ட் கடைக்கே போக வேண்டாம். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். காவித்தூளைத் தனியாகத் தண்ணீரில் குழைத்து, கட்டி இல்லாமல் கரைத்துச் சேருங்கள். தூள் சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் சட்டையில் ஒட்டும். செங்காவி மட்டும் போட்டால் ரோஸ் அடிக்கும். மஞ்சள் காவியும் பாதிக்குப் பாதி சேர்த்தால்தான் செங்கல் வரும்.

வாளியில் பார்க்கிற நிறம் காய்ந்தால் இருக்காது, பெரிதும் வெளுத்துவிடும். ஓட்டுத் துண்டில் தடவி வெயிலில் காயவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சுவருக்குப் போங்கள். சுவரில் முதலில் தண்ணீர் தெளித்து, பால் பதத்தில் மூன்று கை. தாழம் விழுது மட்டை கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். நைலான் பிரஷ்ஷில் வராத ஒரு மேகம் அதில் விழும். எமல்ஷன் எத்தனை விலைக்கு வாங்கினாலும் அந்த மேகம் வராது, அதற்கென்று டெக்ஸ்ச்சர் பெயிண்ட் விற்கிறார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றி என்ன வைப்பது

தரை காவி ஆக்சைடாக இருந்தால் சுவரில் பதமாக வெந்த கல் வேண்டாம். அறை முழுக்க ஒரே சிவப்பாகிவிடும். அரைவேக்காட்டுக்குப் போங்கள். அந்தத் தரைகளில் ஓரத்தில் கறுப்புப் பட்டை இருக்கும், அதை மெழுகு போட்டுத் துலக்கினாலே சுவரும் தரையும் பிரிந்து நிற்கும். வெள்ளை டைல்ஸ் தரை என்றால் எந்தக் கல்லும் ஓடும்.

கூரைக்குப் பளீர் வெள்ளை வேண்டாம், அதில் நீலம் ஓடும். சுண்ணாம்பு வெள்ளையாக, மோர் நிறத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். நிலையும் கதவும் தேக்காக இருந்தால் பழைய பிரவுன் எனாமலைச் சுரண்டிவிட்டு எண்ணெய் மட்டும் பூசுங்கள். சாதா மரமென்றால் கரும்பச்சை. திரைக்குச் சாயம் ஏறாத காடாத் துணி. மெரூன் திரை போட்டு அத்தனை வேலையையும் கெடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கோ கும்பகோணத்துப் பித்தளை அண்டாவோ வைக்கிறவர்கள் அதற்கு அழுத்தமான சுவரைப் பின்னால் விடுங்கள். மஞ்சள் தூக்கலான சுவருக்கு முன்னால் பித்தளை காணாமல் போய்விடும். அந்தச் சுவருக்குத் தைக்கால் பிரம்பு நாற்காலி, கோரைப்பாய், கறுத்துப் போன மரச்சாமான் பொருந்தும்.

தஞ்சாவூர்ப் படம் மாட்டப் பலரும் இந்தச் சுவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பச்சையோ நீலமோ பின்னணியாக உள்ள படம் என்றால் தங்கரேக்கு எழும்பி நிற்கும். சிவப்புப் பின்னணி சுவரோடு கரைந்துவிடும், அதை வெள்ளைச் சுவருக்கு மாற்றுங்கள். எந்தப் படமானாலும் பின்னால் நாலு மூலையிலும் கார்க்குத் துண்டு ஒட்டி, சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட்டம் விடுங்கள். பலகையும் துணியும் சுண்ணப்பொடியும் சேர்ந்தது அது, ஓதத்தை உறிஞ்சினால் ரேக்கு தூக்கிக்கொள்ளும்.

விளக்கு மாடத்தைச் சுற்றிப் புகையும் எண்ணெயும் பிடிக்கும். மாடத்துக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு சாணுக்கும் எனாமல் அடித்துவிட்டால் துணியால் துடைத்துக்கொள்ளலாம். நிலைக்கு மஞ்சள் பூசும்போது சுவரில் படுகிற கை அடையாளம் இந்த நிறத்தில் தெரியாது, அது ஒரு லாபம்.

சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுவைக்காதீர்கள், மேட் சுவரில் திட்டாகத் தெரியும். கீறலைப் பட்டி பார்த்து, பிரைமர் தொட்டு, அந்தச் சுவரை மட்டும் மூலைக்கு மூலை ஒரு கோட் இழுங்கள். அதற்காகவே ஒரு லிட்டர் மீதி வைக்கச் சொல்வேன். பெரிய டப்பாவிலேயே கிடந்தால் உள்ளே இருக்கிற காற்றில் காய்ந்து ஏடு கட்டும். வாய்வரை நிரம்புகிற சின்ன டப்பாவுக்கு மாற்றி மூடியைத் தட்டி, மாடிப்படிக்குக் கீழே நிழலில் வையுங்கள். மொட்டை மாடியில் போட்டால் அடுத்த கோடைக்குள் கட்டிதான். ஷேடு பெயர், நம்பர், எந்த பேஸ், எந்த ரகம், வாங்கிய தேதி எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டப்பா மேல் எழுதினால் பெயிண்ட் வழிந்து முதலில் மறைவது அந்த நம்பர்தான்.